நீ நிரப்பாமல் விட்ட ஓர் இடம்

என் உசிர் மாப்ள சோமுவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோதும் உனக்கென்று ஒன்று எழுதினதில்லை. எழுதினதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு, ரயில்வேக்காரனுக்கு. அதிலும் பாதி உன் கைதான். இன்றைக்கு முழுக்கத் தமிழில், இடம் விடாமல் எழுதுகிறேன். உனக்கு வேலையில்லை. சும்மா கேட்டுக்கொண்டிரு.

இதை மடித்துப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. வருகிற கார்த்திகையில் உன் தலைத்திவசம். அன்றைக்கு இதை அச்சடித்து விளக்குத்தூண் கடைத்தெரு முழுக்கக் கொடுக்கப் போகிறேன். அங்கே ஒரு பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: சோமசுந்தரத்துக்கு இங்கிலீஷ் அரைகுறை, வக்கீல்தான் திருத்திக் கொடுத்தார் என்று. அந்தப் பேச்சு பிறந்தது என் கடையில். அதை நானே அழிக்காமல் உன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்கு முகமில்லை.

நம் கதை நமக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உசிலம்பட்டிச் சந்தைக்கும் மேலூர்ச் சந்தைக்கும் நடந்து விற்றவன். கடை போட்டு மூன்று மாதமாகியிருந்தது. பவானியிலிருந்து வந்த என் முதல் பெரிய கட்டு, ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் மழையில் ஊறிக் கிடந்தது. ரயில்வேக்கு நானே இங்கிலீஷில் ஒரு புகார் எழுதிக்கொண்டு வந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் இங்கிலீஷ் லேபிளிலும் ரயில் ரசீதிலும் பொறுக்கினது. கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா நீ, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தாய். சிரிக்கவில்லை, மூக்கு மட்டும் துடித்தது.

"பாய், நீங்க எழுதியிருக்கதப் பாத்தா, மழை மேல ஜமக்காளம் பேஞ்சிருக்கு."

"நனைஞ்சது நனைஞ்சதுதானய்யா."

"அது சரி. எது மேல எதுன்னு எங்க சூப்பிரண்டு கேப்பாரே."

அப்புறம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னாய்: "பெரிய வார்த்தையெல்லாம் ஒங்களுக்கு வருது. சின்ன வார்த்தைதான் காலை வாருது. தெரியாத எடத்துல கோடு போட்டு விட்டுருங்க. நான் நெரப்பித் தாரேன்."

பதினாலு வருஷம் அப்படித்தான் நடந்தது. சரக்கு, சாயம், கட்டு, வண்டி எல்லாம் நான் எழுதுவேன். இடையிடையே கோடு. சாயங்காலம் நீ ஆபீஸ் விட்டு வருவாய். நான் அஸர் தொழுதுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பேன். டீ வரும். காதில் செருகியிருக்கும் காப்பியிங் பென்சிலை எடுத்து நுனியை உதட்டில் ஈரப்படுத்துவாய். 'ஆன்', 'இன்', 'அட்', 'டு' என்று ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பொடிச்சொல் ஊதா நிறத்தில் வந்து உட்காரும். உன் உதடும் ஊதாவாகும். "நாவப்பழம் திருடித் தின்ன மாதிரி இருக்க" என்று கடைத்தெருவே உன்னைக் கேலி பண்ணும். பாயும் குமாஸ்தாவும் ஒரே வருஷத்தில் மாப்ளையும் மாப்ளையும் ஆனோம்.

நம் பேச்சில் அந்தப் பொடிச்சொல்லெல்லாம் வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. கடையில், கடைக்கு, கடையோடு. யாரும் யோசிப்பதில்லை. அவர்கள் பேச்சில் அது தனியாக முன்னால் வந்து நிற்கிறது. எதற்கு எது என்று உன்னை ஒரு நாள் கேட்டேன். சட்டம் ஏதும் இருக்கிறதா என்று.

"சட்டம் இருக்கும். எனக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லிப் பாரு மாப்ள. தப்பான சொல்லுன்னா சோத்துல கல்லு மாதிரி நெருடும்."

நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கு எல்லாமே சோறாகத்தான் இருந்தது.

ஊர்ச் சங்கதி கொஞ்சம் சொல்கிறேன். யுத்தம் இன்னும் முடியவில்லை. மேலூர் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டார்கள்; பெட்ரோல் கிடையாது. மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது, எல்லோரும் இறங்கித் தள்ளுகிறோம். உன் நாற்காலியில் ஒரு புதுப் பையன். சட்டமாக நடக்கிறான், மூக்கு துடிப்பதில்லை. உன் வீட்டுக்காரி மீனாள் நன்றாக இருக்கிறாள். உன் மகளுக்கு அடுத்த தெருவிலேயே இடம் பேசியிருக்கிறோம். உன்னிடம் கேட்காமல் பேசினோம். உனக்குச் சம்மதம்தானே?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ தினமும் விடியற்காலை வைகை மணலில், கல்பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆசனம் போட்டு மூச்சுப் பழகுகிறவன். அதற்கென்று என்னிடம் ஒரு ஜமக்காளத்தைக் குறுக்கே வெட்டச் சொல்லி வாங்கினாய், ஓர் ஆள் அகலத்துக்கு. அதைப் பார்த்துத்தான் ஓராள் விரிப்பு என்று தனிச் சரக்கே போட்டேன். யோசனை உன்னுடையது, பேர் எனக்கு வந்தது. அதை நீ ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை.

ஒரு சாயங்காலம், கடைக்குள் நான் தொழுதுவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்:

"இதுக்கு எங்க பக்கம் வஜ்ராசனம்னு பேரு. முப்பது வருசமா நீ யோகாசனம் பண்ற, ஒனக்கே தெரியல."

"மெதுவாச் சொல்லு. பள்ளிவாசல் ஹஜ்ரத் காதுல விழுந்தா எனக்கு வேற ஆசனம் சொல்லிக் குடுப்பாரு."

"அப்ப முழங்கால் பழகியிருக்குல்ல. ஒரு நாள் ஆத்துக்கு வா. பக்கத்துல உக்காரு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"வாரேன்."

எத்தனை 'வாரேன்' சொல்லியிருப்பேன் உனக்கு?

போன வருஷம் ஆனியில், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வெள்ளைக்காரப் பெரிய டீச்சரம்மா ஓராள் விரிப்பு நாற்பது கேட்டார். பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி. விரித்து எப்படி உட்காருவது, எப்படி மூச்சு விடுவது என்று கூடவே இங்கிலீஷில் ஒரு பக்கம் அச்சடித்துத் தர முடியுமா என்றார். நான் உன்னிடம் சொன்னேன். நீ எட்டு நாள் எடுத்துக்கொண்டாய். அரைப் பக்கத்துக்கு எட்டு நாள். ஒன்பதாம் நாள் ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் வைத்தாய். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பெரிய சொல்லும் உன்னுடையது, பொடிச்சொல்லும் உன்னுடையது.

"படிச்சுப் பாரு மாப்ள. பெறகு அச்சுக்குக் குடு," என்றாய்.

நான் படிக்கவில்லை. இதைக் கடைத்தெரு தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். கட்டுப் பிரித்தால் முதல் ஜமக்காளத்தை எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்வோம். நமக்கு நம் சரக்கின் மேல் ஆசை இருக்கும், கண் மறைக்கும். அடுத்தவன் விரலுக்கு ஆசை கிடையாது. என் கூடப்பிறந்த தம்பி அனுப்பின கட்டானாலும் எதிர்க்கடைச் செட்டியார் விரல் பட்டுத்தான் உள்ளே போகும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்படியே வளர்ந்தவன் நான். உறையைப் பிரிக்காமலே, கடைக்கு ஜமக்காளம் பார்க்க வந்த வக்கீலிடம் நீட்டினேன். "பி.ஏ. படிச்சவுக, ஒரு கண்ணு பாருங்க," என்றேன்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஏழு இடத்தில் உன் பொடிச்சொல்லை வெட்டினார். நீ எது வைத்திருந்தாலும் அந்த இடமெல்லாம் 'அப்பான்' ஆனது, 'ஆன்' என்பதற்கு அண்ணன் மாதிரி. அதுதான் பெரிய மனுஷன் சொல்லாம். கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படி, "ஆளு மோசமில்ல. ஆனா கூட்ஸ் ஷெட் இங்கிலீஷு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான் மாப்ள.

அச்சாகி வந்ததை உன்னிடம் ஆசையாகத்தான் கொடுத்தேன். கீழே உன் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். நீ நின்றபடியே படித்தாய். ஒரு தடவை, இரண்டு தடவை.

"எம் பேரு போட்டிருக்க."

"பின்ன? நீ எழுதினதுதான."

"ஏழு எடம், மாப்ள."

"வக்கீலய்யா ஒரு கண்ணு பாத்தாரு. செட்டியாரு துணியப் பாக்குற மாதிரிதான். இதுல என்ன இருக்கு?"

"துணிக்குச் சரி." காகிதத்தை மெதுவாகக் கல்லாப் பெட்டி மேல் வைத்தாய். "நான் கட்டுல வந்த சரக்கா?"

சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். எனக்குச் சண்டை தெரியும். நீ போடவில்லை. மறுநாளும் வந்தாய், டீ குடித்தாய். நான் கோடு விட்டு எழுதின கடிதத்தை உன் பக்கம் தள்ளினேன். பென்சில் காதிலேயே இருந்தது.

"வக்கீலய்யாட்ட குடு. நல்ல மனுசன்."

நானும் வீம்புக்கு அவரிடமே கொடுத்தேன். மூன்று மாதம். என் கடிதமெல்லாம் 'அப்பான்' மயமானது. ஒரு நாள், "அவசரத்துல நீட்டிட்டேன் மாப்ள, தப்பு" என்று சொல்லியிருக்கலாம். சந்தையில் ஆயிரம் பேரை மசிய வைத்த வாய். அந்த ஒன்று மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் நான் வந்தபோது நீ சுவர்ப்பக்கம் ஒண்டிப் படுத்திருந்தாய். உன் உதட்டில் ஊதா இல்லை. வெளுத்துக் கிடந்தது. பதினாலு வருஷத்தில் உன் உதட்டின் சொந்த நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு மேலூர்ச் சந்தை மந்தம் என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். நீதான் குறுக்கிட்டாய்.

"ஆத்துல தண்ணி வந்திருச்சா?"

"ரெண்டு கரையும் போகுது."

"அப்ப மணல்ல எடம் இருக்காது. தை பொறக்கட்டும். வா."

"வாரேன்," என்றேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து மீனாள் கடைக்கு வந்தாள். உன் ஓராள் விரிப்பைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு காகிதம்.

"அண்ணே, இத ஒங்க கடைக்குன்னு எழுதிக்கிட்டு இருந்தாக. காய்ச்ச வாரதுக்கு முந்தின நாளு வரைக்கும் எழுதுனாக. எம்புட்டோ தடவ வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பாத்தாக. நான் தூங்குங்கன்னுகூடச் சத்தம் போட்டேன்."

விரிப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்றேன். "நீங்கதான உக்கார வாரேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீக," என்றாள்.

காகிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்க ஊதா எழுத்து. விரிப்பைத் தரையில் விரி, நிமிர்ந்து உட்கார், மூக்கு வழியாக மூச்சை இழு, மனதை மூச்சின் மேல் வை. வக்கீல் வெட்டின ஏழு இடத்திலும் அவர் சொல் போய் உன் சொல் வந்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர. கடைசி வரி இது: தன் மூச்சின் இன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பவன் தனியாள் அல்ல. அந்த 'இன்ன இடத்தில்' என்பதற்கு நீ சொல் வைக்கவில்லை. மூச்சின் மேலா, மூச்சுக்குள்ளா, மூச்சின் பக்கத்திலா, மூச்சோடா? ஒரு கோடு மட்டும். நான் போடுகிற கோடு மாதிரியே, ஒரு அங்குலத்துக்கு.

நான் விட்ட கோடெல்லாம் நீ நிரப்பினாய். நீ விட்ட ஒரே கோடு இது. காய்ச்சல் வந்து பாதியில் நின்றுவிட்டதா? நாக்கில் எந்தச் சொல் போட்டாலும் கல் நெருடியதா? இல்லை, நான் நிரப்பட்டும் என்றே விட்டாயா? முதல் காகிதத்தில் அந்த இடத்தில் என்ன வைத்திருந்தாய் என்று அச்சாபீஸில் போய்க் கேட்டேன். குப்பையோடு போய்விட்டது என்றார்கள். வக்கீல் 'அப்பான்' வைத்திருந்தது தெரியும். அதன் அடியில் உன் சொல் என்னவென்று தெரியாது. உறையைப் பிரித்துப் பத்து நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

காகிதம் ஒன்பது மாதம் என் சட்டைப் பையில் இருந்தது. தை பிறந்தது, மணல் தெரிந்தது. நான் வரவில்லை. நீ இல்லாத இடத்துக்கு வந்து யார் பக்கத்தில் உட்காருவது?

இந்த ஆவணியில் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா இன்னும் நாற்பது விரிப்புக் கேட்டு எழுதினார். கூடவே அந்தப் பக்கமும். அச்சாபீஸ்காரரிடம் உன் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பாய், இங்க பல்லு விழுந்த மாதிரி இருக்கே. என்ன எழுத்துக் கோக்க?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கே சொல்லிருங்க. இந்த வாரம் விட்டா காகிதம் கெடையாது. யுத்தக் காலம்."

கால் என்னை நேரே வக்கீல் வீட்டுக்குத்தான் கொண்டுபோனது. பழக்கம். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். 'நான் கட்டுல வந்த சரக்கா' என்று நீ கேட்டது, பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி இருந்தது. கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடியலில் ஃபஜர் தொழுதுவிட்டு, உன் விரிப்பை இடுக்கிக்கொண்டு கல்பாலத்துக்குக் கீழே போனேன். வண்ணார்கள் அப்போதுதான் துறையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "என்ன பாய், ஆத்துலயே கடை போடப் போறீகளா?" என்றார். மணல் குளிர்ந்து கிடந்தது. நீ எழுதினபடி விரித்தேன், நிமிர்ந்து உட்கார்ந்தேன். முழங்கால் சொன்னபடி கேட்டது. நீ சொன்னது சரிதான். மனசுதான் கேட்கவில்லை. பவானிக் கட்டு, பஸ்ஸு, உன் மகள் கல்யாணப் பந்தல் என்று சுற்றியது. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் அலுத்து உட்கார்ந்தது. மூச்சு வந்தது, போனது. நான் ஒன்றும் செய்யவில்லை.

கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய மணலில் நான் விரிப்பை நடுவில் போடவில்லை. ஒரு மேட்டுக்குப் பக்கத்தில், இடது கைப்பக்கம் சரியாக ஓர் ஆள் அகலம் விட்டுப் போட்டிருந்தேன். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி வரியை வாய்விட்டுச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். 'ஆன்' போட்டேன், 'இன்' போட்டேன், 'பை' போட்டேன். என் ஆயுசில் முதல் தடவையாக நாக்கில் கல் நெருடியது, மாப்ள. 'வித்' என்று சொன்னேன், மூச்சோடு. நெருடவில்லை.

அது இலக்கணப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. பென்சில் நுனியை உதட்டில் வைத்து, கோட்டின் மேல் எழுதினேன். என் எழுத்து உன்னுடையதைவிடப் பெரிது, கோணல்.

அச்சாபீஸ்காரர் வாங்கிப் பார்த்தார். "யார்ட்டயாவது காட்டினீகளா பாய்?"

"இல்ல."

"ஒரு கண்ணு பாத்துக்கிட்டா நல்லது. அடிச்ச பெறகு மாத்த முடியாது."

"வேணாம். அப்படியே கோத்துருங்க. கீழ இன்னொரு வரி சேக்கணும்."

அந்த வரி இதுதான்: இதை எழுதியவர் கூட்ஸ் ஆபீஸ் சோமசுந்தரம், கடைசி வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் காசிம். ஆகவே கடைத்தெருவில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் எங்கேயாவது தப்பு இருந்தால், அது என்னுடையது. மற்றதெல்லாம் என் மாப்ள வைத்தது. அதன் மேல் இனி யாரும் சிவப்புப் பேனா வைக்க வேண்டாம். அன்றைக்குச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பை இன்றைக்கு உங்கள் எல்லோர் முன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, ஒதடெல்லாம் ஊதாவா இருக்கு? சோமண்ணன் மாதிரி?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அப்படியே கடையில் உட்கார்ந்திருந்தேன். நீ வருகிற நேரத்தில் இரண்டு டீ வந்தது. பழக்கத்தில் நான்தான் சொல்லியிருக்கிறேன் போல.

இனி கோடு விட்டு எழுத மாட்டேன், மாப்ள. தெரிந்ததையோ தெரியாததையோ நானே வைத்து எழுதுவேன். ஊர்க்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். ஆற்றில் தண்ணீர் வரும் வரைக்கும் தினமும் மணலுக்கு வருவேன். தண்ணீர் வந்தால் கரையில் உட்காருவேன். இடது கைப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருக்கும். அதை யாரும் நிரப்ப வேண்டியதில்லை.

நாளைக்கு வாரேன். இந்தத் தடவை நிசமாக.

உன்னோடு என்றைக்கும்,
உன் மாப்ள, மீனாளுக்கு அண்ணன்,
ஜமக்காளக் கடை காசிம்